செக் என்றொரு அரசன்

பஸ்ஸில் செக்கர் ஏறுகிறார். வங்கியிலிருந்து செக் திரும்பி வருகிறது. ஜவுளிக்கடையில் செக் போட்ட சட்டையை எடுத்து விரிக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஓடையின் குறுக்கே செக் டேம் கட்டியிருக்கிறார்கள். மாநில எல்லையில் செக் போஸ்ட் முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மாலை நாளிதழ் 'கூட்டணிக் கட்சிக்கு செக்' என்று தலைப்புப் போடுகிறது. திண்ணையில் சதுரங்கம் ஆடும் பையன் எதிராளி பதறும்படி 'செக்!' என்று கத்துகிறான்.

இவை எல்லாம் ஒரே சொல். வெறும் ஒலி ஒற்றுமை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகள். பிள்ளைகள் வெவ்வேறு நாளில் வெவ்வேறு வாசல் வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டதால், இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று நமக்குத் தோன்றுவதில்லை. வங்கி செக்கை வங்கி கொண்டுவந்தது, டேமைப் பொதுப்பணித் துறை கொண்டுவந்தது, சட்டையைத் துணி வியாபாரி கொண்டுவந்தார். ஆங்கிலேயர்களுக்கும் இந்த உறவு பெரும்பாலும் மறந்துவிட்டது. 'செக்' என்று எழுதவே அவர்களுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கிறது.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும் பகுதி கிளியரிங் பிரிவில் கழிந்தது. பிற வங்கிகளின் செக்குகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, கையெழுத்தையும் தேதியையும் தொகையையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன பிழைப்பு. அந்தச் சொல்லின் மேல் எனக்கு இவ்வளவு பற்று வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நிறையப் பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் 'செட்', 'ரன்' என்று சொல்வார்கள். பொருள் எண்ணிக்கையில் அவை பெரியவைதாம். ஆனால் கதை என்று பார்த்தால் செக்கின் பக்கத்தில் அவை நிற்க முடியாது என்பது என் கட்சி.

கதை ஓர் அரசனில் தொடங்குகிறது. பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். ஈரானின் பெஹிஸ்துன் மலைப்பாறையில் டாரியஸ் மன்னன் கி.மு. 520ஐ ஒட்டிச் செதுக்கி வைத்த கல்வெட்டில் இந்தச் சொல்லின் பழைய வடிவம் இருக்கிறது: 'க்ஷாயதிய'. 'அரசர்களுக்கு அரசன்' என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அதே தொடர்தான் பிற்காலத்தில் 'ஷாஹன்ஷா' ஆயிற்று. அந்த 'க்ஷா' என்ற வேர் ஆட்சியைக் குறிப்பது. சமஸ்கிருதத்தின் 'க்ஷத்ர', அதிலிருந்து வந்த 'க்ஷத்திரிய' இரண்டும் அதற்கு நெருங்கிய சொந்தம். ஆகவே நம் ஊரில் சத்திரியன் என்று மீசையை முறுக்குபவரும், கணக்கில் பணமில்லாமல் திரும்பிவரும் செக்கும் தூரத்து உறவுக்காரர்கள். இதை யாரிடமும் நேரில் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்து பாரசீகத்துக்குப் போனது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புகள் கொண்ட படைக்குச் 'சதுரங்கம்' என்று பெயர். அது பாரசீகர் வாயில் 'சத்ரங்' ஆகி, அரபுகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ஆட்டத்தில் எதிராளியின் அரசன் தாக்கப்படும் நிலையில் இருந்தால் அதை அவனுக்குச் சொல்லிவிடுவது பாரசீக ஆட்டக்காரர்களின் வழக்கம். 'ஷா!' என்பார்கள். 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்ற எச்சரிக்கை அது. அரசனுக்குத் தப்ப வழியே இல்லை என்றால் 'ஷா மாத்'. இதை அரபு மொழி வழியாகப் பார்த்து 'அரசன் செத்தான்' என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. பாரசீகத்தில் 'மாத்' என்பதற்கு ஒன்றும் செய்ய முடியாமல் திகைத்து நிற்பது என்று பொருள். இந்த இரண்டாவது விளக்கத்துக்குத்தான் என் ஓட்டு. சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதே இல்லை. அவன் அசைய முடியாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இதில் நான் ரசிக்கிற ஒன்று உண்டு. இந்தியில் இன்றும் இந்த நிலைக்கு 'ஷஹ்' என்றுதான் பெயர். 'ஷஹ் அவுர் மாத்' என்பது அங்கே வழக்குத் தொடர். டெல்லியில் ஒரு பையன் 'ஷஹ்' என்கிறான், திருச்சியில் ஒரு பையன் 'செக்' என்கிறான். இரண்டும் ஒரே சொல்தான். முன்னது பாரசீகத்திலிருந்து நேரே நடந்து வந்தது. பின்னது அரபு நாடு, பிரான்ஸ், இங்கிலாந்து என்று உலகத்தைப் பாதி சுற்றி, கப்பலேறி வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவுக்குள் சதுரங்கம் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி நுழைந்தது. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும் ஒரு லத்தீன் பாட்டுதான் அங்கே இந்த ஆட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சான்று. பத்தாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. அதில் ஆட்டத்தின் பெயரே 'ஸ்காக்கி'. 'ஷா' லத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆகி, பன்மையில் 'ஸ்காக்கி' ஆயிற்று. அதாவது 'அரசர்கள்'.

அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனபோது நடந்தது நமக்கு நன்றாகப் புரியும். சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்க' என்று மெய்கள் முட்டிக்கொண்டு நின்றால் பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு நாக்கு புரளாது. முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் பாட்டிகள் ஸ்கூலை 'இஸ்கூல்' என்றும் ஸ்டேஷனை 'இஸ்டேஷன்' என்றும் சொன்னது அதே காரணத்தால்தான். அப்படி ஸ்காக்குஸ் 'எஸ்செக்' ஆனது. ஆங்கிலேயர்கள் அதை வாங்கும்போது முன்னால் ஒட்டியிருந்த உயிரைத் தட்டிவிட்டு 'செக்' என்று வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் அதன் பன்மை 'எஸ்செஸ்'; அதுதான் ஆங்கிலத்தில் 'செஸ்'. ஆகச் செஸ் என்ற சொல்லே செக் என்பதன் பன்மை. ரஷ்யர்கள் ஆட்டத்துக்கே 'ஷாஹ்மத்தி' என்று பெயர் வைத்து, தொடக்கத்தையும் முடிவையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள்.

கட்டங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் சதுரங்கப் பலகை ஒரே நிறம். வெறும் கோடுகள் மட்டும் கிழித்திருக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றி மாற்றித் தீட்டியது ஐரோப்பியர்களின் வேலை. அந்த ஐன்சீடல்ன் பாட்டிலேயே இருநிறப் பலகை பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. ஆட்டம் நம்முடையது, பெயர் பாரசீகருடையது, வண்ணம் அவர்களுடையது. 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகச் சென்னை நேப்பியர் பாலத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் தீட்டியபோது, சதுரங்கம் பிறந்த நாட்டில் ஐரோப்பிய உடுப்பைப் போட்டுத்தான் அதைக் கொண்டாடினோம். அதில் குறையொன்றும் இல்லை. பார்க்க நன்றாகவே இருந்தது.

இனி இங்கிலாந்து. இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. வங்கிக்காரனான எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

இங்கிலாந்தில் நிதியமைச்சருக்கு 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்று பட்டம். எக்ஸ்செக்கர் என்றால் அரசுக் கருவூலம். ஆனால் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் சதுரங்கப் பலகை. பிரெஞ்சில் 'எஸ்செக்கியே' என்று இருந்ததை, அதன் முன்னால் இருப்பது லத்தீன் 'எக்ஸ்' என்று தவறாக எண்ணிய படிப்பாளிகள் திருத்தி எழுதிவிட்டார்கள். நாக்கு புரளாமல் போட்ட உயிரெழுத்து, படித்தவர்கள் கையில் பட்டு இலக்கணமாகிவிட்டது.

கருவூலத்துக்கு எப்படிச் சதுரங்கப் பலகையின் பெயர் வந்தது? முதலாம் ஹென்றி காலத்தில், 1110ஐ ஒட்டி, இந்த அலுவலகம் ஏடுகளில் முதலில் தலைகாட்டுகிறது. அங்கே என்ன நடந்தது என்பதை விவரமாக எழுதி வைத்தவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். அரசனின் பொருளாளராக இருந்தவர், பின்னாளில் லண்டன் ஆயர். 1170களின் இறுதியில் அவர் எழுதிய நூல் ஆசானும் மாணவனும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்ளும் வடிவில் இருக்கிறது. கணக்கு அலுவலக நடைமுறையைப் பற்றி உரையாடல் நூல் எழுத வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! எங்கள் தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகளை எழுதியவர்களுக்கு அவருடைய ரசனையில் கால் பங்கு இருந்திருந்தால் போதும்.

அவர் சொல்லும் மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன் மேல் ஒரு கறுப்புத் துணி. துணியில் ஓரடி அல்லது விரித்த ஒரு கையளவு இடைவெளி விட்டுக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே உள்ள இடங்களில் காசு போன்ற வில்லைகளை வைத்து நகர்த்திக் கணக்குப் போடுவார்கள். வலது ஓரத்துப் பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அதற்கடுத்தது பவுண்டுக்கு. பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று இடப்பக்கமாக ஏறிக்கொண்டே போகும்.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய நிலைமையை நினைக்க வேண்டும். அவர்கள் எழுதியது ரோமன் எண்களில். அதில் பூஜ்யம் கிடையாது, இடமதிப்பு கிடையாது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கை ரோமன் எண்களில் எழுதிக் கூட்டிக் கழிப்பது நடக்கிற காரியமா? மேலும் கணக்குக் கொடுக்க வருபவர் ஷெரிஃப். மாவட்டத்தில் வரி திரட்டிக் கொண்டுவரும் அதிகாரி. (சென்னைக்கும் ஒரு ஷெரிஃப் இருந்தார், ஆனால் அது அலங்காரப் பதவியாகத் தேய்ந்துபோய்விட்டது.) லத்தீன் ஏட்டை வாசிக்கத் தெரியாத ஷெரிஃபுக்கும் மேசைமேல் இருக்கும் வில்லைகள் புரியும். கட்ட வேண்டியது மேல் வரிசையில், கட்டியது கீழ் வரிசையில். இரண்டையும் ஈடுகட்டி எடுத்த பின் மேலே எது மிஞ்சுகிறதோ அது பாக்கி. எல்லார் கண் முன்னாலும் நடப்பதால் வாதாட இடமில்லை. ஈஸ்டருக்கு ஒரு முறை முன்பணம், செப்டம்பர் இறுதியில் மிக்கேல் திருநாளுக்கு முழுக் கணக்கு.

இதற்கு ஏன் சதுரங்கப் பலகை என்று பெயர் என்று மாணவன் கேட்கிறான். பார்க்க அப்படி இருப்பது ஒரு காரணம் என்கிறார் ஆசான். இன்னொரு காரணமும் சொல்கிறார்: சதுரங்கத்தில் இரண்டு அரசர்களுக்கு நடுவே போர் நடப்பதுபோல் இங்கேயும் ஒரு போர் நடக்கிறது. ஒரு பக்கம் பொருளாளர், மறுபக்கம் கணக்குக் கொடுக்க உட்கார்ந்திருக்கும் ஷெரிஃப். ஆண்டிறுதித் தணிக்கையில் ஆடிட்டருக்கு எதிரே ஒரு முறையேனும் உட்கார்ந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பணம் கட்டியதற்கு அத்தாட்சி மரக்குச்சி. அதில் வெட்டு விழும். வெட்டின் அளவே தொகை. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பெரிய துண்டு பணம் கட்டியவருக்கு. அதற்கு 'ஸ்டாக்' என்று பெயர். சிறியது அலுவலகத்துக்கு, அது 'ஃபாயில்'. பின்னாளில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கவுண்டர்ஃபாயில் என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மரத்துண்டுதான். ரசீதுப் புத்தகத்தில் கிழித்தது போக மிஞ்சுவதை நாமும் அடிக்கட்டை என்றுதானே சொல்கிறோம்.

இந்தக் குச்சி முறை 1826 வரை நீடித்தது. பிறகு குவிந்து கிடந்த பழைய குச்சிகளை என்ன செய்வது என்று யோசித்து, 1834 அக்டோபர் 16 அன்று இரண்டு வண்டிச் சுமையை நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அடுப்பு அளவுக்கு மீறிச் சூடேறி, அன்று மாலை இரு அவைகளும் சேர்ந்து எரிந்துபோயின. பழைய ஆவணங்களை அழிப்பதற்கு எங்கள் வங்கியில் ஏன் அத்தனை படிவங்கள், அத்தனை கையெழுத்துகள் என்று சலித்துக்கொண்ட காலம் உண்டு. இதைப் படித்த பிறகு சலிப்பு குறைந்தது.

வங்கிச் செக்குக்கு வருவோம். 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று பணம் வைத்திருப்பவருக்குச் சீட்டு எழுதும் பழக்கம் லண்டனில் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இருந்தது. 400 பவுண்டுக்கு எழுதப்பட்ட அப்படி ஒரு சீட்டு இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் செக் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றால் அடிக்கட்டை. கள்ளத்தைத் தடுப்பதற்காக அலுவலகம் தன்னிடம் வைத்துக்கொள்ளும் எதிர்த்துண்டு. 1717 வாக்கில் இங்கிலாந்து வங்கி, மோசடியைத் தடுக்கும்படி அச்சிட்ட எண்ணிட்ட படிவங்களைக் கொடுக்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல, தடுக்கும் துண்டின் பெயர் தடுக்கப்பட வேண்டிய தாளுக்கே வந்துவிட்டது. காவலாளியின் பெயரைத் திருடனுக்கு வைத்தது போல. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வங்கிக்காரர்கள் எக்ஸ்செக்கரின் வாடை வரும்படி அதன் கடைசி எழுத்துகளை மாற்றினார்கள். அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். செக் போன்ற பணமுறிகளுக்கான நம் செலாவணி முறிச் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில், 1881இல் வந்தது. ஆகவே நாம் ஆங்கிலேயர் பக்கம்.

நம்மிடம் இத்தகைய ஏற்பாடு இல்லாமல் இல்லை. உண்டி என்ற பணமுறி இந்திய வணிகர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கியது. அதைத்தான் தமிழில் உண்டியல் என்றோம். கோயிலில் காசு போடும் பெட்டிக்கும் கடல் கடந்து பணம் அனுப்பும் முறைக்கும் அந்த ஒரு பெயர்தான்.

செக்குக்கு நாம் உண்டாக்கிக்கொண்ட சொல் காசோலை. காசு, ஓலை என்ற இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் யாராக இருந்தாலும் கை கொடுக்க வேண்டும். ஆனால் கவுண்டரில் காசோலை என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. படிவத்தில் காசோலை, வாயில் செக். 'கேஷா செக்கா?' என்பதுதான் நாள் முழுவதும் காதில் விழும் கேள்வி.

அந்தக் கேஷ் தனிக்கதை. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஆங்கில அகராதியில் இன்னொரு கேஷும் உண்டு. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது. அது நம் 'காசு', போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. சென்னையில் கும்பினியார் காலத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சீனாவின் ஓட்டைக் காசுகளை ஆங்கிலேயர்கள் இன்றும் கேஷ் என்று அழைப்பதற்குக் காரணம் தமிழ். ரொக்கக் கேஷுக்கும் இந்தக் காசுக்கும் ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல். உறவென்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இல்லை. செக் பல சொல்போல் தோன்றும் ஒரு சொல். கேஷ் ஒரு சொல்போல் தோன்றும் இரண்டு சொற்கள். கவுண்டரில் இரண்டும் எதிரெதிராக நின்றன, எனக்குத் தெரியாமலே.

இப்போது 'செக் பண்ணு' என்றால் சரிபார் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் இந்தப் பொருள் மிகவும் இளையது. 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆங்கிலத்தில் செக் என்றால் தடு, மறி, அடக்கு, கடிந்துகொள். சதுரங்கத்தில் அரசன் மறிக்கப்படுவதிலிருந்து நேராக வந்தது அது. சரிபார்த்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது; எதிர்த்துண்டை வைத்துக் கள்ளத்தைத் தடுக்கும் அதே கணக்கு மேசையிலிருந்து.

இதைத் தெரிந்துகொண்டால் நம்மிடம் இருக்கும் செக்குகள் தாமாகவே அணிவகுத்து நிற்கின்றன. செக் டேமில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. ஓடும் நீரை மறித்து நிலத்துக்குள் இறங்க வைக்கிறார்கள். தடுப்பணை என்று தமிழாக்கியவர் பழைய பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கிணற்று மோட்டாருக்குப் போடும் செக் வால்வு, மேலேறிய தண்ணீர் திரும்பக் கீழே ஓடாமல் மறிக்கிறது. செக் போஸ்ட்டில் முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள், பிறகுதான் பார்க்கிறார்கள். அங்கே பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. பஸ் செக்கர் மட்டும் முழுக்கப் புதுப் பொருளுக்குச் சொந்தக்காரர், டிக்கெட் இல்லாதவருக்கு வேண்டுமானால் அவரும் பழைய பொருளைக் காட்டுவார்.

அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக 1787, 1788இல் வெளிவந்த கட்டுரைகளில் 'செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்' என்ற கருத்து அடிக்கடி வருகிறது. அரசின் ஒரு கிளை மற்றொன்றை மறித்து நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசனே வேண்டாம் என்று போர் நடத்தி விரட்டிய நாடு, தன் சட்டத்தின் நடுத்தூணுக்குச் சூட்டிய பெயருக்கு மூலத்தில் அரசன் என்று பொருள்.

தமிழ்ப் பத்திரிகைகளின் 'செக் வைத்தார்' என்ற பிரயோகத்தை மொழித் தூய்மை பேசும் நண்பர்கள் இகழ்வதுண்டு. எனக்கு அது பிடிக்கும். ஆங்கிலத்தில் மங்கிப்போன பொருளை அது பத்திரமாக வைத்திருக்கிறது. 'எதிரணித் தலைவருக்கு செக்' என்று படித்தால் அவரைச் சரிபார்த்தார்கள் என்றோ அவருக்குப் பணம் கொடுத்தார்கள் என்றோ யாரும் நினைப்பதில்லை. நகர வழியில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று உடனே புரிகிறது. பாரசீக ஆட்டக்காரன் 'ஷா!' என்றபோதும் எதிரே இருந்தவனுக்கு இதுதான் புரிந்திருக்கும்.

துணிக் கட்டத்துக்குத் தடுப்பதோடு உறவில்லை. அது பலகையிலிருந்து நேராக வந்த கிளை. பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி மாற்றிக் கோத்தால் கட்டம் விழுகிறது. அதற்குச் செக் என்று பெயர் வைக்க அதிக யோசனை தேவைப்படவில்லை. இந்தக் கிளையில்தான் நம் ஊர் உள்ளபடியே நுழைகிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் காலத்தில் கட்டம் போட்ட துணிகள் கிழக்கே போயின. ஊர்ப்பெயர் திரிந்து பாளையக்காட்டு லுங்கி என்ற பெயர் இன்றும் கடைகளில் நிலைத்திருக்கிறது. மெட்ராஸ் கைக்குட்டை என்ற கட்டத்துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. நைஜீரியாவின் ஆற்றுமுகப் பகுதியில் வாழும் கலாபாரி மக்கள் அதற்கு 'இஞ்சிரி' என்று பெயரிட்டார்கள். வந்த துணியை அப்படியே உடுத்தாமல், சில இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி, கட்டத்துக்குள் புதுக் கோலம் உண்டாக்குகிறார்கள். நெய்தவர் ஒருவர், அதை அவிழ்த்துத் தனதாக்கியவர் இன்னொருவர்.

அமெரிக்காவில் மெட்ராஸ் செக் சட்டை 1960களில் பெரும் மோகமாக இருந்தது. அதில் சாயம் போகும். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கும். முதலில் புகார் வந்தது. பிறகு வியாபாரிகள் அதையே தலைகீழாக்கி, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். நம் ஜவுளிக்கடையில் இப்படிச் சொல்லி ஒரு சட்டையை விற்றுவிட முடியுமா?

போர்த்துகீசிய மொழியில் கட்டத்துணிக்கு 'ஷாட்ரெஸ்' என்று பெயர். அது 'ஷா' வழி வந்ததன்று. ஷத்ரஞ்ச் வழியாக, சதுரங்கம் என்ற நம் சொல்லிலிருந்தே போனது. ஆட்டத்துக்கும் அதே பெயர், சிறைக்கும் பேச்சு வழக்கில் அதே பெயர். கம்பிகளின் கட்டத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது உணவகத்தில் பரிமாறுபவர் 'செக் கொண்டுவரட்டுமா?' என்று கேட்டார். அவர் எனக்கு எதற்குப் பணம் தர வேண்டும் என்று ஒரு கணம் விழித்தேன். அங்கே செக் என்றால் பில். நாம் போடும் டிக் அடையாளமும் அவர்களுக்குச் செக். கோட்டையும் பெட்டியையும் ஒப்படைத்து வாங்கும் வில்லையும் செக். பேஸ்பால் ஆட்டம் மழையில் நின்றுபோனால் இன்னொரு நாள் வரலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் கொடுத்த சீட்டு 'ரெயின் செக்'. அப்படியானால் எங்கள் வங்கியில் செக்கை வாங்கிக்கொண்டு கையில் கொடுத்தோமே பித்தளை டோக்கன், அதுவும் அமெரிக்கக் கணக்கில் செக்தான். செக்கைக் கொடுத்துச் செக்கை வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்திருக்கிறார்கள் வாடிக்கையாளர்கள்.

திரும்பி வந்த செக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பழைய சகாக்கள் கோபிப்பார்கள். 1989 ஏப்ரல் முதல், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, பணமில்லாமல் செக் கொடுப்பது குற்றம். முதலில் ஓராண்டு வரை, பின்னாளில் இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவு வந்த பின் கவுண்டருக்கு வந்த முகங்கள் மாறின. கடன் கொடுப்பவர்கள் தேதி போடாத செக்குகளைக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பணம் தருவதற்கான தாள், ஆளை மறித்து வைப்பதற்கான தாளாயிற்று. என்னிடம் வந்து, 'சார், அவர் கையில் என் செக் இருக்கிறது, நான் அசைய முடியவில்லை' என்று ஒரு மளிகைக்கடைக்காரர் சொன்னது நினைவிருக்கிறது. ஷா மாத்துக்கு அதைவிட நேரான உரை எனக்குத் தெரியவில்லை.

சதுரங்க மேசையில் அந்தச் சொல்லுக்கு இப்போது வேலை குறைந்துவிட்டது. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகளில் செக் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வதும் இல்லை. சொன்னால் எதிராளியைச் சிறுபிள்ளையாக நடத்துவதாக ஆகிவிடும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன ஆட்டத்திலும் மேசை ஊமையாகத்தான் இருந்தது. கத்துகிற உரிமை திண்ணைப் பையன்களிடம் மிஞ்சியிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் சேராத இரண்டு பேரையும் சொல்லிவிட வேண்டும், கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செக் குடியரசுக்கு இதில் பங்கில்லை. அது செக் என்ற ஆதி முன்னோன் ஒருவன் பெயரால் வந்தது என்பது அந்த மக்களின் மரபுக்கதை. எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் பங்கில்லை. அது நம் சொந்தச் சொல். 'செக்குக்குப் பணம் எப்போது சார் வரும்?' என்று கேட்டவரிடம், 'எந்தச் செக்கு, தேங்காயா நல்லெண்ணெயா?' என்று எங்கள் கேஷியர் கேட்பார். கேட்டவர் சிரித்தால் அன்றே பாஸாகும், முறைத்தால் மறுநாள்.